ஊர் முழுக்க ஒரே குடியான வியாழக்கிழமை

நான் இருக்கிற வீடு என் மனைவியுடையது. அதன் முன்னறையில் நான் ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, லெமினேட், பாஸ்போர்ட் அளவுப் படம், அப்படியான வேலைகள். அறை அவளுடையது என்பதால் கடையும் பாதிக்கு மேல் அவளுடையதுதான். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இதைக் குறையாக யாரும் சொல்வதில்லை. கல்முனையிலிருந்து தெற்கே எந்த முஸ்லிம் ஊரில் விசாரித்தாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவர். நான் இருபத்தொரு வருடத்துக்கு முன்னர் நிந்தவூரிலிருந்து ஒரு சூட்கேசும் ஒரு மேசைக் காற்றாடியுமாக வந்தேன். காற்றாடி இப்போது இல்லை. நான் இருக்கிறேன்.

வீட்டைப் போலவே குடியும், அதாவது வம்சப் பெயரும், பெண்வழிதான் போகும். உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. வாப்பாவின் குடி அவருடைய உம்மாவின் குடி. அது அவரோடு வரும், அவர் மவுத்தானால் அவரோடு போகும். ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார். மரைக்கார்மார் எல்லோரும் சேர்ந்ததுதான் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பள்ளிக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வைப்பது போல, கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காரும்போது தெரிந்ததையெல்லாம் கழற்றி வெளியே வைக்கிற பழக்கம் எனக்கு இருந்தது.

பள்ளி நிர்வாகத்தார் குடும்பப் பதிவேட்டைக் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும் என்று பேச்செடுத்தபோது, அவர்கள் பேசி முடிக்குமுன்னே நான் ஓம் சொல்லிவிட்டேன். என் படிப்பு இவ்வளவுதான்: கத்தாரில் ஒரு களஞ்சியத்தில் ஏழு வருடம் பெட்டி எண்ணியிருக்கிறேன். அங்கே மேற்பார்வையாளரின் திரையில் எந்தப் பெட்டி எங்கே என்று எழுதிக் கேட்டால் பதில் வரும். அந்தப் பாஷைக்குப் பெயர் எஸ்கியூஎல் என்று தெரிந்துகொண்டு, ஊருக்கு வந்த பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதில் எழுதிக் கேட்பதற்கு வினவல் என்று போட்டிருக்கிறது. நான் கேள்வி என்றுதான் சொல்வேன். எனக்குப் பதில் வந்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம்.

இந்தப் பாஷையை வெறுமனே எழுதிக் கஷ்டப்பட வேண்டாம் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மேலே கேள்வி எழுத ஒரு வெள்ளைப் பகுதி. அதன் தலையில் மின்னல் படம் போட்ட ஒரு பொத்தான். கீழே பதில் வந்து விழுகிற கட்டம் கட்டமான அட்டவணை. பிழை என்றால் சிவப்புப் புள்ளடி, சரியென்றால் பச்சை அடையாளம். அந்த மென்பொருளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. எந்த வரி என்று நிபந்தனை போடாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், மாட்டேன் என்று நின்றுவிடும். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் முதலாளி, அது குறுக்கே கதைக்கிறது என்று நினைத்தேன். நோன்புக்கு முந்தின மாதம் அமைப்புகளுக்குள் போய் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

வீடு வீடாகக் கொடுத்து வாங்கிய படிவங்களில் கணவரின் குடிக்கு ஒரு வரி, மனைவியின் குடிக்கு ஒரு வரி இருந்தது. நான் பார்த்துப் படித்த வீடியோவில் ஒரு கம்பனி, அதற்குப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர். அந்த அச்சையே எடுத்தேன். வீட்டிலக்கம், குடும்பத் தலைவர், குடி. மூன்றே நிரல். தலைவர் என்றால் ஆண்பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் அவருடைய குடி. மனைவியின் குடியை இரண்டாந்தரம் எதற்கு அடிப்பது என்று விட்டுவிட்டேன். விரலுக்கு வேலை மிச்சம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பிரச்சினை ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. அந்த வருடம் நிர்வாகம் ஒரு தீர்மானம் எடுத்திருந்தது: நாற்பது குடும்பம் இல்லாத குடிக்குத் தனியாக மரைக்கார் கிடையாது, பெரிய குடி ஒன்றோடு சேர்த்துவிடுவது. ஜும்ஆ தொழ நாற்பது பேர் வேண்டும் என்பதால் இதற்கும் நாற்பது வைத்தார்கள் என்று பாங்கு சொல்கிற மோதினார் சொன்னார். அவர் சொல்கிற காரணங்களை நான் எப்போதும் குறித்து வைப்பேன். பழுதான போட்டோக்கொப்பித் தாள்களின் பின்பக்கம் முழுக்க ஊராரின் பேச்சுத்தான் கிடக்கும். குடிவாரிப் பட்டியல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். அதற்கான கேள்வியை எழுதி மின்னலை அழுத்தினேன். என் மனைவியின் குடிக்கு வந்த எண் முப்பத்தொன்று.

அந்தக் குடியின் மரைக்கார் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த மூத்தவர், அவள் காக்கா என்று கூப்பிடுகிறவர். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் செய்கிறவர். அவருக்கு முன்னர் அவர்களுடைய மாமா மரைக்கார், அதற்கு முன்னர் அந்த மாமாவின் மாமா. பள்ளிக் கூட்டத்தில் மரைக்காராக உட்காருகிற அந்தக் கதிரை போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கூட்டத்தில் அவர் வாய் திறப்பது குறைவு. ஆனால் முன்வரிசையில் ஒரு இடம் அவருக்கென்று இருக்கும். எண்ணைக் கேட்டதும் கடைக்கு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். பிறகு, எங்கட பொம்புளப் புள்ளைகள்ற ஊடுகளே அதுக்கு மேல வருமே மச்சான் என்றார். பொம்புளப் புள்ளைகள் என்று தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் காது இருந்தது, அவ்வளவுதான்.

எண் பிழையென்றால் தரவில் ஏதோ தொலைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எல்லாக் குடும்பத்தையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். அட்டவணையின் அடியில் ஆயிரம் வரி என்று வந்தது. எங்களுடைய படிவங்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. நூற்று அறுபத்து நான்கு குடும்பத்தைக் காணவில்லை! உடனே நிர்வாகத் தலைவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் மோதினாரிடமும் சொன்னேன். அதுதான் பெரிய பிழை. அஸர் தொழுகைக்குப் போனபோது, பள்ளிக் கொம்பியூட்டர் நூற்று அறுபத்து நான்கு குடும்பத்தை விழுங்கிவிட்டதாம் என்று எனக்கே ஒருவர் வந்து சொன்னார். விழுங்கப்பட்டவர்களில் தானும் ஒருவரா என்று கேட்டு நாலைந்து பேர் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருவரும் தொலையவில்லை. மென்பொருளின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு தடவைக்கு ஆயிரம் வரிக்கு மேல் காட்டாதே என்று அதில் எழுதியிருந்தது. நான் அந்த மென்பொருளோடு ஒன்றரை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்தப் பெட்டியைக் கண்டதில்லை. அதை மாற்றியதும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஆனால் மனைவியின் குடி மட்டும் முப்பத்தொன்றிலேயே நின்றது.

வியாழக்கிழமை காலை மச்சான் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். பதினொரு வீட்டின் இலக்கம் எழுதியிருந்தது. இதெல்லாம் எங்கட ஊடு என்றார். நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். என்னுடைய அட்டவணையில் பதினொன்றும் வேறு வேறு குடி. சரி, தட்டச்சுப் பண்ணும்போது கை மாறி அடித்துவிட்டேன், திருத்திவிடுவோம் என்று நினைத்தேன். அப்டேட் என்று தொடங்கி, குடியை இந்தக் குடியாக மாற்று என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில், இன்ன வீட்டுக்கு மட்டும் என்று சொல்கிற வெயாரைப் போட்டு அந்தப் பதினொரு வீட்டு இலக்கத்தையும் வரிசையாகக் கொடுத்தேன். மூன்று வரியும் சரியான வரிகள். இன்றைக்கும் நான் அதைச் சொல்வேன்.

சரியாக எழுதினால் மட்டும் போதுமா? மச்சானுக்கு விளங்கப்படுத்த வேண்டுமே. இஞ்ச பாருங்க மச்சான், இந்த ரெண்டு வரிதான் குடிய மாத்துற வரி என்று சொல்லி, மவுசால் அந்த இரண்டு வரியையும் இழுத்து நீலமாக்கிக் காட்டினேன். காட்டிய கையோடு மின்னலை அழுத்தினேன். அந்த மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு: நீலமாக்கிய பகுதி இருந்தால் அதை மட்டும்தான் செய்யும். மூன்றாவது வரி வெள்ளையாகக் கிடந்தது. அதை அது வாசிக்கவேயில்லை.

பச்சை அடையாளம் வந்தது. மாற்றப்பட்ட வரிகள், ஆயிரத்துச் சொச்சம்.

பதறிப்போய், எழுதியதைத் திரும்ப எடுக்கிற விசைகளை அழுத்தினேன். நான் எழுதிய மூன்று வரியும் ஒவ்வொரு சொல்லாக அழிந்து போயின. செய்த வேலை மட்டும் அழியவில்லை. குடிவாரிக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். முன்னர் பதினேழு வரி வந்த இடத்தில் ஒரே ஒரு வரி. என் மனைவியின் குடி, குடும்பங்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு.

என்ன நடந்தது என்று மச்சானுக்குச் சொன்னேன். அவர் திரையில் நின்ற ஒற்றை வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வரம்பு கட்டாம தண்ணியத் திறந்திருக்கிறீங்க."

அந்த மூன்றாவது வரி எதற்கு என்பதை எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. குறித்து வைக்கத் தாள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஸலாம் கேட்டது. நிர்வாகத் தலைவர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். தொலைந்த குடும்பங்கள் கிடைத்தனவா என்று பார்க்க வந்திருக்கிறார். நான் திரையை மூடுமுன்னே கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். நாற்பது குடும்பம் தேறாத மரைக்கார் பக்கத்தில் இருக்கிறார், அவருடைய தங்கையின் கணவன் கொம்பியூட்டரில் இருக்கிறான், திரையில் ஊர் முழுக்க ஒரே குடி. வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள்.

"அப்ப நானும் மாறிட்டனா? என்ட உம்மாக்கிட்ட ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

மச்சானின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கதிரை போவதைப் பற்றிய பயம் அந்த முகத்தில் இல்லை. கதிரைக்காகக் களவு செய்தான் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், நீலமாக்கியதையும் வாயடைத்ததையும் சேர்த்து. தலைவர் கேட்டுவிட்டு மூன்று விஷயம் சொன்னார். பட்டியல் நாளை ஜும்ஆவுக்கு ஒட்டியே ஆக வேண்டும். படிவங்களோடு அவரே ஒத்துப் பார்ப்பார். மரைக்கார் அதுவரைக்கும் இந்தக் கடைக்குள் கால் வைக்கக்கூடாது. பள்ளி மேல்மாடியில் படிவங்கள் பூட்டிக் கிடக்கிற அலுமாரியின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மச்சான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் கலங்கவில்லை. நோன்பு காலத்தில் அட்டவணை முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்து வைத்திருந்தேன். அதைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். ஆயிரம். அந்தச் சின்னப் பெட்டி நோன்பிலும் வேலை செய்திருக்கிறது. பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று புதன்கிழமை மார்தட்டியவனுக்கு, இந்தக் கோப்பும் அதே பெட்டி வழியாகத்தான் வந்தது என்று ஒரு நாள் முழுக்கத் தோன்றவில்லை. நூற்று அறுபத்து நான்கு குடும்பத்தின் குடி இப்போது உண்மையாகவே தொலைந்துவிட்டது. ஊரார் ஒரு நாள் முன்கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படிவக் கட்டுகளைச் சுமந்து வந்தேன். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். மனைவி அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவரில்லை, திரைச்சீலைதான். ஆயிரத்தோராவது வீட்டிலிருந்து தொடங்கினோம். அவள் இலக்கத்தையும் குடியையும் வாசிப்பாள், நான் அடிப்பேன். நாற்பது ஐம்பது படிவம் மழைபோலப் போனது. தேத்தண்ணிக் கடைக்காரரின் வீடு வந்தபோதுதான் என் கை நின்றது. அவர் எந்தக் குடி என்று எனக்குத் தெரியும். அவள் வேறொன்றை வாசித்தாள்.

அது அவருடைய மனைவியின் குடியல்லவா, நீ எந்த வரியை வாசிக்கிறாய் என்று கேட்டேன். அவள் படிவத்திலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"பின்ன யார்ட குடிய வாசிக்கிற? ஊடு யார்ட?"

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். அவள் குடும்பத்தின் பெண்பிள்ளைகள், அவர்களுடைய வீடுகள், மச்சானின் பதினொரு இலக்கம், எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. என் கேள்வியில் பிழையில்லை. சிவப்புப் புள்ளடி ஒருநாளும் வரவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் வந்த மாப்பிள்ளையின் குடியில் நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தொரு வருடம் ஒரு பெண்ணின் வீட்டில் சோறு தின்றவன், அந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து செய்த வேலை அது.

அப்படியென்றால் நோன்புக் கோப்பிலிருக்கிற ஆயிரமும் பிழைதான் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஒண்டாம் நம்பர்ல இரிந்து தொடங்குங்க" என்றாள் அவள். கட்டை அவிழ்த்தாள்.

பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் வாசித்தாள். வெள்ளி காலை சுபஹுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். குரல் கம்மியபோது இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசித்தாள். ஒன்பது மணியளவில் கடைசிப் படிவம் முடிந்தது. முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் மென்பொருளின் வாயைத் திறந்துவிட்டேன். பிறகு எதையும் நீலமாக்காமல், இரண்டு கையையும் மேசையில் வைத்துப் பிஸ்மி சொல்லி, மின்னலை அழுத்தினேன். பதினேழு குடியும் வந்தன. அவளுடைய குடிக்கு முப்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது. இருவரும் எண்ணைப் பார்த்தோம். அவள் விரலால் மேசையில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், எங்கட ஊட்டுப் படிவம் எங்க? ஆயிரத்துச் சொச்சம் படிவம் அவள் கையால் புரண்டிருக்கிறது, அதில் எங்கள் வீட்டைக் காணவில்லை. எப்படி இருக்கும்? ஊர் முழுக்கப் படிவம் கொடுக்க ஏற்பாடு செய்தவன் நான். எனக்கு யார் கொண்டுவந்து கொடுப்பது?

அவள் போனை எடுத்துக் காக்காவுக்குச் சொன்னாள், சத்தத்தைக் கூட்டி எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு. அந்தப் பக்கத்திலிருந்து காக்காவின் குரல் வந்தது.

"வேணாம் புள்ள. நாப்பதாவது ஊடு கொம்பியூட்டர் மச்சான்ட ஊடெண்டா ஊர் என்ன கதைக்கும்? முப்பத்தொம்பதுல நிப்பாட்டுங்க. கதிர போனா போகட்டும்."

"காக்கா, இது அவர்ட ஊடில்ல. என்ட ஊடு."

போனை வைத்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு வெற்றுப் படிவம் எடுத்தாள். என்னிடம் தரவில்லை, என்னுடைய பேனையை மட்டும் வாங்கிக்கொண்டாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரை எழுதினாள். தன்னுடைய குடியை எழுதினாள். பிள்ளைகள் மூன்று பேரையும் எழுதினாள். படிவத்தின் அடியில், வீட்டில் வசிக்கும் ஏனையோர் என்று ஒரு பகுதி இருக்கிறது; மாமியோ மருமகனோ தங்கியிருந்தால் எழுதுவதற்காக நானே போட்ட பகுதி. அதில் என்னுடைய பெயரை எழுதி, நிந்தவூர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டாள். கையெழுத்து வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுங்க. அவர் வேணாமெண்டா வேணாம்."

பத்தரை மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் தலைவர் முன்னால் அந்தப் படிவத்தை வைத்தேன். அச்சடித்த பட்டியலில் அந்த ஒரு வீட்டை நான் சேர்க்கவில்லை. முப்பத்தொன்பது என்றே இருந்தது. அவர் நான் சுமந்து வந்த கட்டுகளில் பத்துப் பன்னிரண்டு படிவத்தைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பிறகு பட்டியலை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் படிவத்தை மேலிருந்து கீழே வாசித்தார், அதிபர் விடைத்தாள் பார்க்கிற மாதிரி. ஏனையோரில் என் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அவருடைய வயிறு குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"இந்தத் தெருவுல இந்த ஊடு கட்டக்குள்ள கல்லு வைக்க நானும் வந்தன். ஊடு யார்டயெண்டு எனக்குத் தெரியும்." பேனையைத் திறந்து ஓரத்தில் கையொப்பம் போட்டார். "ஆயிரத்துச் சொச்சம் படிவத்துல ஒழுங்கா நிரப்பின படிவம் இதுதான். ஏத்துங்க."

கடைக்கு ஓடி வந்து ஒரு வரி சேர்த்தேன். அப்டேட் இல்லை, ஒரு புது வரி மட்டும். அதற்கும் மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

ஜும்ஆ முடிந்து சனம் அறிவித்தல் பலகையை மொய்த்தது. தங்களுடைய வீடு விழுங்கப்படவில்லை என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மச்சான் கூட்டம் குறையும் வரைக்கும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு வந்து தன்னுடைய குடியின் தாளில் விரலை வைத்து ஒன்றிலிருந்து எண்ணினார். அவசரமில்லாமல், வாய்க்குள் சொல்லிச் சொல்லி எண்ணினார். நாற்பதாவது வரியில் தங்கையின் பெயர் இருந்தது. அதிலிருந்து விரலை எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பார்வை திரும்பவும் தாளுக்குப் போனது, மேலும் கீழுமாகத் தேடியது.

"உங்கட பேரக் காணல்லயே மச்சான்?"

இருக்கிறேன், ஏனையோரில் இருக்கிறேன், அதற்கு வேறு கேள்வி எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் தோளில் கை போட்டு, வாங்க, தங்கச்சிட ஊட்ட போய்ச் சோறு தின்னுவம் என்றார். இரண்டு பேரும் நடந்தோம்.